நெறியாளர் கையெழுத்திட்ட பின்னும் கோப்பு ஏன் திரும்புகிறது? பல்கலைக்கழகம் ஆய்வுக் கல்வியை நிர்வகிக்கும் முறை

கேள்வி இதுதான்: முதுநிலைப் படிப்பையும் முனைவர் பட்ட ஆய்வையும் ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு மேற்பார்வையிடுகிறது, மாணவரின் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் ஒப்புக்கொண்ட ஒன்றைப் பல்கலைக்கழக அலுவலகம் எந்த அதிகாரத்தில் மறுக்கிறது, இறுதி முடிவு யாருடையது? பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு ஒன்றில் பல ஆண்டுகள் கோப்புகளைக் கையாண்டவன் என்ற முறையில், இந்திய நடைமுறையை, குறிப்பாகத் தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களின் வழக்கத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

இறுதி முடிவு எந்த ஒரு தனிமனிதரிடமும் இல்லை. அப்படி இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த அமைப்பு உருவானது. பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வரையறுக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரமளித்த நிறுவனம் ஆகியவை தவிர வேறு எவரும் பட்டம் வழங்க முடியாது. துறைக்கோ, நெறியாளருக்கோ, புகழ்பெற்ற இணைவுக் கல்லூரிக்கோ அந்த உரிமை கிடையாது. அவர்கள் பரிந்துரைக்கிறார்கள், பல்கலைக்கழகம் வழங்குகிறது. கோப்பு திரும்பி வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது.

பல்கலைக்கழகம் என்று இங்கே சொல்வது கட்டடத்தை அல்ல, சில குழுக்களை. பாடத்திட்டக் குழு ஒரு பாடத்தின் உள்ளடக்கத்தை வகுக்கிறது. கல்விக்குழு அதைப் பிற பாடங்களோடும் பொது விதிகளோடும் ஒப்பிட்டு ஏற்கிறது. சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு நிர்வாக, நிதி முடிவுகளை எடுப்பதோடு, பட்டம் தொடர்பான தீர்மானங்களுக்கும் ஒப்புதல் தருகிறது. பதிவாளர் இந்த முடிவுகளை ஆவணமாக்கிச் செயற்படுத்துபவர். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மதிப்பீட்டுக்குப் பொறுப்பானவர். துணைவேந்தர் இவர்கள் அனைவருக்கும் மேலான நிர்வாகத் தலைவர். முதுநிலைப் படிப்பைப் பொறுத்தவரை விளக்க வேண்டியது அதிகம் இல்லை. பாடத்திட்டம், பருவத் தேர்வு, அகமதிப்பீடு, இணைவுக் கல்லூரிகளில் நேராய்வுக் குழு வந்து ஆசிரியர் எண்ணிக்கையையும் நூலகத்தையும் பார்த்துச் செல்வது எனப் பெரும்பாலும் பட்டியலிட்டுச் சரிபார்க்கக்கூடிய வேலைகளே அங்கு உள்ளன. தன்னாட்சிக் கல்லூரியானால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்கிறது. பட்டச் சான்றிதழில் மட்டும் பல்கலைக்கழகத்தின் முத்திரை விழுகிறது. சிக்கலெல்லாம் ஆய்வுப் பட்டத்தில்தான். அங்கே பாடத்திட்டம் இல்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு தனிப் பாடத்திட்டம்.

நம் ஊர் நடைமுறை இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் தொடங்கப்பட்டபோது, அவை கற்பிக்கும் நிறுவனங்களாக இல்லை. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் தருவது மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்குப் பிறகே அவை தாமே கற்பிப்பதற்கும் ஆய்வு நடத்துவதற்கும் வழி பிறந்தது. அந்தப் பழைய அமைப்பின் நிழல் இன்னும் நீங்கவில்லை. இணைவுக் கல்லூரி ஒன்றின் ஆய்வு மையத்தில் நெறியாளரும் மாணவரும் நாள்தோறும் சந்திக்கிறார்கள். ஆனால் பதிவு, கட்டணம், குழு ஒப்புதல், ஆய்வேட்டு மதிப்பீடு ஆகிய அனைத்தும் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பல்கலைக்கழகத்தில் நடக்கின்றன. அங்கிருப்பவர்களுக்கு மாணவரின் முகம் தெரியாது. கோப்பு மட்டுமே தெரியும். எனவே கோப்பில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது அவர்களுடைய நியாயம். மாணவருக்கு அது கொடுமையாகத் தோன்றும். ஆனால் முகம் பார்த்து முடிவு செய்யும் அலுவலகம் அதைவிடக் கொடியது என்பதை இரண்டையும் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இனி விதிகள். முனைவர் பட்டத்துக்கான குறைந்தபட்சத் தரங்களைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009இல் முதலில் ஒழுங்குமுறையாக வெளியிட்டது. 2016இல் அதை மாற்றியது. 2022 நவம்பரில் மீண்டும் மாற்றியது. இப்போது நடப்பில் இருப்பது 2022ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. இதன் கீழ், முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் படிப்பான எம்.ஃபில். கைவிடப்பட்டது, அதன் பின்னும் சில இடங்களில் சேர்க்கை நடந்ததால் 2023 டிசம்பரில் மானியக் குழு தனியாக ஓர் எச்சரிக்கையும் வெளியிட வேண்டியிருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, இவை குறைந்தபட்சத் தரங்கள் என்பது. ஒரு பல்கலைக்கழகம் தன் விதிகளில் இவற்றைவிடக் கடுமையாக இருக்கலாம்; தளர்வாக இருக்க முடியாது. எடுத்துக்காட்டாக, ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டின் கட்டாயம் 2022இல் நீக்கப்பட்டது. ஆயினும் பல பல்கலைக்கழகங்கள் தம் விதியில் அதைத் தொடர்கின்றன. “யுஜிசி எடுத்துவிட்டதே” என்று மாணவர் வாதிடுவதில் பொருள் இல்லை. மானியக் குழு எடுத்தது தன் கட்டாயத்தை மட்டுமே.

சேர்க்கைக்கு வருவோம். முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு, அல்லது நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் தேவை. பட்டியலினத்தவர், பழங்குடியினர், வசதிபடைத்த பிரிவில் சேராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு நடத்தினால் அதில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாட அறிவு; தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற விகிதத்தில் தரவரிசை அமையும். 2024 முதல் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் மதிப்பெண்ணையே இதற்குப் பயன்படுத்தும் வழியும் ஏற்பட்டுள்ளது. பகுதிநேர ஆய்வுக்கு அனுமதி உண்டு. ஆனால் பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். தொலைநிலைக் கல்வி வழியாக முனைவர் பட்டம் கிடையாது. விளம்பரம் எதைச் சொன்னாலும் சரி.

சேர்க்கையில் மாணவர்கள் அதிகம் அறியாத ஒரு கட்டுப்பாடு நெறியாளரின் இட எண்ணிக்கை. பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது; வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு இடம் உண்டு. நெறியாளராக ஏற்கப்படுவதற்குப் பேராசிரியரும் இணைப் பேராசிரியரும் குறைந்தது ஐந்து கட்டுரைகளும், உதவிப் பேராசிரியர் மூன்று கட்டுரைகளும் வல்லுநர் மதிப்பாய்வு இதழ்களில் வெளியிட்டிருக்க வேண்டும். ஓய்வு பெற மூன்றாண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு ஓய்வு வரை நெறியாளராகவும், அதன் பின் எழுபது வயது வரை இணை நெறியாளராகவும் தொடரலாம். “ஐயா ஒப்புக்கொண்டார், அலுவலகம் மறுக்கிறது” என்று வருந்தும் மாணவர்களில் பலரின் சிக்கல் இதுதான். ஐயாவிடம் காலியிடம் இல்லை, அல்லது ஓய்வுக்கு இரண்டரை ஆண்டுகளே உள்ளன. அதை மாணவரிடம் நேரில் சொல்லத் தயங்கிக் கோப்பை அனுப்பிவைக்கிறார்கள்; மறுக்கும் பழி எழுத்தர் தலையில் விழுகிறது.

மேற்பார்வை என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தருவது அடுத்து வரும் குழு. தமிழ்நாட்டில் டாக்டோரல் கமிட்டி என்றும், மானியக் குழுவின் மொழியில் ஆய்வு ஆலோசனைக் குழு என்றும் சொல்லப்படுவது இதுவே. நெறியாளர் இதன் அமைப்பாளர். பாடம் அறிந்த வேறு சிலர் உறுப்பினர். ஆய்வுத் தலைப்பை இறுதி செய்வது, முறையியலை வடிவமைக்க உதவுவது, மாணவர் எந்தப் பாடங்களைப் படிக்க வேண்டும் என முடிவு செய்வது, ஒவ்வொரு பருவத்திலும் முன்னேற்றத்தைக் கேட்டுப் பதிவு செய்வது ஆகியவை இதன் கடமைகள். பாடப்பகுதிக்குக் குறைந்தது 12 தகுதிப்புள்ளிகள் (கிரெடிட்). அவற்றில் ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றிய பாடம் கட்டாயம். 55 விழுக்காடு பெறாமல் மேலே செல்ல முடியாது. முன்னேற்றம் போதாது எனக் குழு கருதினால் காரணத்தை எழுதிச் சீர்செய்யும் வழியையும் சொல்ல வேண்டும். அதன் பின்னும் மாற்றம் இல்லையென்றால் பதிவை ரத்துசெய்யப் பரிந்துரைக்கலாம். அதாவது, நெறியாளர் தனியாக ஒரு மாணவரை வெளியேற்ற முடியாது. தனியாகக் காப்பாற்றவும் முடியாது.

தாளில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். அமைப்பாளர் நெறியாளர், உறுப்பினர்களைப் பரிந்துரைப்பவரும் பெரும்பாலும் அவரே, உறுப்பினர்களின் மாணவர்களுக்கு இவர் குழுவில் இருப்பார். இந்தக் கொடுக்கல் வாங்கலில் “முன்னேற்றம் திருப்திகரம்” என்ற ஒற்றை வரி ஆறு பருவங்களுக்கும் மாறாமல் வரும் கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழாவது பருவத்தில் திடீரென்று “மாணவர் இதுவரை எதுவும் எழுதவில்லை” என்று ஒரு கடிதம் வரும். அப்போது அலுவலகம் என்ன செய்ய முடியும்? ஆறு முறை திருப்தி என்று கையெழுத்திட்ட குழுவையே திரும்பக் கேட்க வேண்டும். எனவே மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் ஆய்வைப் பற்றி இரண்டு பத்தியாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நெறியாளரோடு பிணக்கு வரும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள் மட்டுமே.

இங்கே வெளிநாட்டு அமைப்பு ஒன்றை ஒப்பிட்டால் நம் குறை தெளியும். அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கல்விக்கான கொள்கையை ஆசிரியர் பேரவையின் குழு ஒன்று வகுக்கிறது. அதைச் செயற்படுத்த, முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களின் சேர்க்கை, உதவித்தொகை, பட்டம் ஆகியவற்றுக்கென்றே ஒரு தனிப் பிரிவும் அதற்கொரு முதல்வரும் இருக்கிறார்கள். நெறியாளரும் அல்லாத, தேர்வாளரும் அல்லாத, மாணவரின் ஆய்வுக்காலம் முழுவதற்கும் பொறுப்பான ஒரு மூன்றாவது இடம் அது. நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மையம், ஆய்வுப் பிரிவு என்ற பெயர்களில் அலுவலகங்கள் உள்ளன. சிலவற்றில் இயக்குநரும் இருக்கிறார். ஆனால் இந்த மூன்றாம் இடத்தின் வேலையைச் செய்ய அவருக்கு அதிகாரமும் ஆளும் பெரும்பாலும் இருப்பதில்லை.

காலக்கெடு பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு, ஆக எட்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டாண்டு கூடும். ஆக மொத்தம் பத்துக்கு மேல் போகக் கூடாது. பெண் ஆய்வாளர் ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். திருமணம் முதலிய காரணங்களால் வேறு ஊருக்குச் செல்லும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவுகளை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லவும் விதி இடம் தருகிறது. அந்த ஆய்வு முதல் நிறுவனமோ நெறியாளரோ நிதி பெற்று நடத்தும் திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது; அவர்களுக்கு உரிய நன்றியறிவிப்பும் இருக்க வேண்டும். இந்த விதி இருப்பதே தெரியாமல் நான்காண்டு உழைப்பை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

உதவித்தொகை பெறுவோருக்குப் பல்கலைக்கழகத்தின் பங்கு வேறு வகையானது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளர் நிதி (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளர் நிதி (எஸ்.ஆர்.எஃப்.) 42,000 ரூபாய். இரண்டாண்டு முடிந்ததும் ஒரு குழு மதிப்பிட்டால்தான் முதலாவது இரண்டாவதாக உயரும். பல்கலைக்கழகம் மாதந்தோறும் உறுதிப்படுத்தாவிட்டால் பணம் வராது. வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து தவறியதால் மூன்று மாத வாடகைக்குக் கடன் வாங்கிய ஆய்வாளர்களை நான் அறிவேன்.

ஆய்வேடு எழுதி முடித்த பின் வருவது, அது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனை. 2018ஆம் ஆண்டின் கல்விசார் நேர்மை ஒழுங்குமுறைப்படி, 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், முன்னுரை, பொதுவான சொல்லாட்சி ஆகியவை இந்தக் கணக்கில் வராது. ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணே தீர்ப்பு என்று நம்பும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. தமிழ் ஆய்வேடுகளில் இதன் அபத்தம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேட்டைக் கணினி படித்தால் அது தமிழாகவே தெரியாது. வரிக்கு வரி எடுத்து எழுதியிருந்தாலும் ஒப்புமை சுழியம் என்று காட்டும். சங்கப் பாடல்களை முறைப்படி மேற்கோள் காட்டி ஒருங்குறியில் எழுதியவருக்கோ எண் ஏறிவிடும். எண்ணைப் படித்துப் பார்த்து விளக்கம் எழுத வேண்டியது துறையின் நேர்மைக் குழு. அது கூடாத இடங்களில் அலுவலகம் எண்ணைப் பார்த்தே திருப்பி அனுப்புகிறது.

மதிப்பீடுதான் இந்த அமைப்பின் மையம். ஆய்வேட்டை நெறியாளரும், அந்த நிறுவனத்தில் பணியாற்றாத குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களும் மதிப்பிட வேண்டும். இயன்றவரை அவர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் நெறியாளர் தேர்வாளர் பெயர்ப்பட்டியல் ஒன்றை உறையிட்டுத் தருகிறார். துணைவேந்தர் அதிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். ஆய்வேட்டைத் தேர்வுப் பிரிவு நேரடியாக அனுப்புகிறது. வெளித் தேர்வாளர்களில் ஒருவர் நிராகரித்தால் மாற்றுத் தேர்வாளர் ஒருவருக்கு அனுப்பப்படும்; அவரும் நிராகரித்தால் பட்டம் இல்லை. இங்கிலாந்தில் நெறியாளர் தம் மாணவரின் ஆய்வேட்டுக்குத் தேர்வாளராக இருப்பது வழக்கமில்லை. உள் தேர்வாளர் ஒருவரும் வெளித் தேர்வாளர் ஒருவருமே மதிப்பிடுவார்கள். நாம் நெறியாளரையும் மதிப்பீட்டாளராக வைத்திருக்கிறோம். வளர்த்தவரே எடைபோடுவது முறையா என்ற கேள்வி நியாயமானது. என் கருத்தில், அவர் அறிக்கை தருவதில் பிழையில்லை, ஆய்வின் வழித்தடம் அவருக்கே தெரியும். ஆனால் தேர்வாளர் பட்டியலையும் அவரே தருவதுதான் பலவீனம். ஒரே பத்துப் பெயர்கள் ஒரு துறையின் எல்லா மாணவர்களுக்கும் திரும்பத் திரும்ப வருவதைத் தேர்வுப் பிரிவு எழுத்தர்கூடக் கவனித்துவிடுவார்.

ஆய்வேடு சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் முடிய வேண்டும் என்பது விதி. அது தவறும் இடமும் ஒன்றே: தேர்வாளரின் இசைவுக் கடிதம். அழைப்பு அனுப்பி மூன்று வாரம் பதிலில்லை, நினைவூட்டல், மீண்டும் மூன்று வாரம், அடுத்த பெயர் என்று ஆய்வேட்டை எவரும் திறந்து பார்ப்பதற்குள்ளேயே நான்கு மாதம் கழிந்துவிடும். ஆகவே தாமதம் என்றால் “அறிக்கை வந்ததா” என்று கேட்காதீர்கள். “எத்தனை தேர்வாளர் இசைவு தந்திருக்கிறார்கள், எந்தத் தேதியில் ஆய்வேடு அனுப்பப்பட்டது” என்று பதிவாளர் அல்லது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். தேர்வாளர் பெயரைக் கேட்கக் கூடாது. அவர்களும் சொல்லக் கூடாது. தேதியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டு அறிக்கையும் ஏற்பாக வந்தால் வாய்மொழித் தேர்வு. நெறியாளரும் வெளித் தேர்வாளர்களில் குறைந்தது ஒருவரும் நடத்த வேண்டும், பிற ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் வந்து கேட்கலாம், வினவலாம், இணையவழியிலும் நடத்தலாம். அதன் பின் ஆட்சிக்குழுவின் ஒப்புதல், இந்த ஒழுங்குமுறைப்படியே பட்டம் வழங்கப்படுகிறது எனக் குறிப்பிடும் தற்காலிகச் சான்று, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஆய்வேட்டின் மின்படி என்று மூன்று வேலைகள் மீதமிருக்கும். இவற்றில் மின்படி விடுபடுவதுதான் அதிகம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் அதை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே கொடுங்கள், உங்களுக்குப் பின் அதே தலைப்பில் தேடுபவருக்கு அப்போதுதான் அது கண்ணில் படும்.